அலுமினியம் போர்டில் எல்இடி ஏன் போகிறது: அறிகுறியை வைத்துப் பிழை பிடிக்கும் வழிமுறை

எல்இடி தெருவிளக்கு, ஃபிளட் லைட், மின் ஸ்கூட்டரின் கன்ட்ரோலர் என்று எதைத் திறந்தாலும் உள்ளே பெரும்பாலும் அலுமினியம் போர்டு (அடித்தளம் அலுமினியமான சர்க்யூட் போர்டு) இருக்கும். கெட்டுப்போன எல்இடியை எடுத்துவிட்டுப் புதிது வைத்தால் விளக்கு எரியத்தான் செய்யும். கொஞ்ச நாளில் பக்கத்து எல்இடி போகும், பிறகு அதற்கடுத்தது. பெரும்பாலும் குற்றம் எல்இடியில் இல்லை; அதன் அடியில் வெப்பம் வெளியேறும் வழியில் இருக்கிறது. அந்த வழியை அளந்து பார்க்காமல் சால்டரிங் அயனை எடுக்காதீர்கள்.

வழி எப்படிப்பட்டது என்று முதலில் பார்த்துவிடுவோம். மேலே 35 அல்லது 70 மைக்ரான் செப்புத் தகடு. அதன் கீழே சுமார் 75 முதல் 150 மைக்ரான் வரை தடிமனுள்ள இன்சுலேஷன் படலம். அதற்கும் கீழே 1 முதல் 1.6 மி.மீ. அலுமினியம். வெப்பத்தைக் கடத்தும் திறனை எண்ணாகச் சொன்னால் செப்பு கிட்டத்தட்ட 390, 5052 ரக அலுமினியம் சுமார் 138, நடுவில் இருக்கும் படலம் வெறும் 1 முதல் 3 (மூன்றுமே வாட்/மீட்டர்-கெல்வின் கணக்கு). படலம் மெல்லியது என்பதால்தான் தாங்குகிறது. 50 சதுர மி.மீ. செப்புப் பரப்பின் கீழே 100 மைக்ரான் படலம், கடத்துதிறன் 2 என்றால், ஒரு வாட் வெப்பத்துக்கு ஒரு டிகிரிதான் ஏறும். அதே பரப்பில் 1.6 மி.மீ. சாதாரண எஃப்ஆர்4 (கண்ணாடி இழை) போர்டு இருந்தால் வாட்டுக்கு நூறு டிகிரிக்கு மேல் போய்விடும்.

ஆகப் போர்டுக்குள் வெப்பம் நன்றாகத்தான் இறங்குகிறது. போர்டுக்கும் ஹீட்சிங்குக்கும் (வெப்பத்தைக் காற்றில் விடும், இறக்கை வைத்த உலோக உடல்) நடுவில் இருக்கும் இடைவெளிதான் பெரும்பாலும் வில்லன். கணக்கைக் கீழே தருகிறோம்.

தொடங்கும் முன்

கே வகை தெர்மோகப்பிள் உள்ள மீட்டர், 500 வோல்ட் டிசி மெகர் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்), கரன்ட் லிமிட் உள்ள தனித்த டிசி சப்ளை, நேரான எஃகு ஸ்கேல், கருப்பு இன்சுலேஷன் டேப், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஆகியவை போதும். இன்ஃப்ராரெட் கன் இருந்தால் நல்லது. ஆனால் பளபளக்கும் அலுமினியத்தில் நேராகக் காட்டினால் அது உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். அளக்கும் இடத்தில் கருப்பு டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் காட்டுங்கள்.

பாதுகாப்பு பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். விலை குறைந்த விளக்குகளில் டிரைவருக்கு (எல்இடிக்குக் கரன்ட் தரும் சர்க்யூட்) ஐசோலேஷன், அதாவது மெயின்ஸிலிருந்து பிரிப்பு, பெரும்பாலும் கிடையாது. அப்படியானால் எல்இடி சால்டர் ஆகும் செப்புப் பேட் ஒவ்வொன்றும் மெயின்ஸ் மின்னழுத்தத்தில்தான் இருக்கும். தெர்மோகப்பிள் நுனியை அந்தப் பேடில் வைத்தால் மீட்டரும் அதைப் பிடித்திருக்கும் கையும் மெயின்ஸுக்குப் போய்விடும். டிரைவரைக் கழற்றிவிட்டு, போர்டில் தொடராக இணைத்த எல்இடி வரிசைக்கு வேண்டிய கரன்ட்டைத் தனித்த டிசி சப்ளையில் கொடுத்து அளப்பதே சரி. வரிசையின் மின்னழுத்தம் நூறைத் தாண்டும் போர்டாக இருந்தால் அலுமினியத் தகட்டின் ஓரத்தில் மட்டும் அளந்து, மற்றதைக் கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி: எரியத் தொடங்கி கொஞ்ச நேரத்தில் ஒளி மங்குகிறது, ஆறவிட்டால் சரியாகிறது

ஒர்க்‌ஷாப்புக்கு அதிகம் வருவது இந்தப் புகார்தான். வெப்பம் ஏறும்போது டிரைவரோ போர்டிலுள்ள லீனியர் ஐசியோ (மிச்ச மின்னழுத்தத்தை வெப்பமாக்கிக் கரன்ட்டைக் கட்டுப்படுத்தும் சிப்) தன்னைக் காத்துக்கொள்ள கரன்ட்டைக் குறைக்கிறது. ஐசி சரியாகத்தான் வேலை செய்கிறது. வெப்பம் தேங்குகிறது என்பதுதான் சேதி.

போர்டை ஹீட்சிங்கில் மாட்டி, முழுக் கரன்ட்டில் 30 நிமிடம் ஓட்டுங்கள். இரண்டு இடங்களில் அளக்க வேண்டும்: போர்டின் அலுமினிய ஓரம் ஒன்று, அதிலிருந்து 5 மி.மீ. தள்ளி ஹீட்சிங்கின் மேல் ஒன்று. வித்தியாசம் 5 டிகிரிக்குள் இருந்தால் ஒட்டுதல் நன்றாக இருக்கிறது. 10-ஐத் தாண்டினால் வேறு எதையும் தேடாமல் திருகுகளைக் கழற்றுங்கள்.

கழற்றும்போது போர்டைத் தேய்த்து இழுக்காமல் ஒரு பக்கமாக நெம்பி நேராகத் தூக்குங்கள். நடுவில் பூசிய, வெப்பம் கடத்தும் பேஸ்ட்டின் பதிவு அப்படியே தெரியும். இரு பரப்பிலும் மெல்லிய, மேகம் போன்ற ஒரே சாயல் இருந்தால் அந்த இடம் நன்றாக அழுந்தியிருக்கிறது. பேஸ்ட் கெட்டியாக, பூசியபோது விழுந்த கோடுகள் மாறாமல் நிற்கும் இடத்தில் போர்டு ஹீட்சிங்கைத் தொடவே இல்லை. திருகுகளைச் சுற்றி வட்டமாகப் பளபளப்பும் நடுவில் கெட்டிப் பேஸ்ட்டும் இருந்தால் போர்டு நடுவில் மேலே வளைந்திருக்கிறது.

இந்த வளைவு எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதற்குக் கணக்கு இது. 50 வாட் ஃபிளட் லைட்டில் சுமார் 32 வாட் வெப்பமாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். போர்டு 10 செ.மீ. × 10 செ.மீ. நடுவில் 50 மைக்ரான் பேஸ்ட், கடத்துதிறன் 1.5 என்றால் அங்கே ஏறுவது சராசரியாகப் பத்தில் ஒரு டிகிரிதான். பேஸ்ட் இல்லாமல் 0.1 மி.மீ. காற்று மட்டும் இருந்தால் 12 டிகிரி. 0.3 மி.மீ. காற்று என்றால் 37 டிகிரி. காற்றின் கடத்துதிறன் 0.026 என்பதால் வந்த வினை. எஸ்எம்டி போர்டுகளுக்கு (பாகங்களை மேற்பரப்பிலேயே சால்டர் செய்யும் ரகம்) ஐபிசி என்ற மின்னணுத் தொழில் தரம் அனுமதிக்கும் வளைவு 0.75 சதவீதம், நூறு மி.மீ. நீளத்துக்கு 0.75 மி.மீ. ஆகப் புதிதாக வந்த, தரச் சோதனையில் தேறிய போர்டுகூட இந்தக் கோளாறைச் செய்ய முடியும். கையில் வாங்கியதும் எஃகு ஸ்கேலை முதுகில் குறுக்கே வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள்.

சரிசெய்வது இப்படி:

1. பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் முழுக்கத் துடையுங்கள். காய்ந்து சுண்ணாம்பு போல ஆனதைப் பிளாஸ்டிக் கார்டால் சுரண்டுங்கள், பிளேடு வேண்டாம்.

2. ஹீட்சிங்கில் திருகுத் துளையின் வாயில் பிசிறு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். 0.2 மி.மீ. பிசிறு ஒன்று போதும், போர்டின் ஒரு மூலையைத் தூக்கிவிடும். பெரிய டிரில் பிட்டைக் கையால் சுழற்றி அதை நீக்குங்கள். ஹீட்சிங்கில் பவுடர் கோட்டிங் இருந்தால் போர்டு உட்காரும் பரப்பில் மட்டும் அதைத் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

3. 10 × 10 செ.மீ. போர்டுக்கு ஒரு மில்லிலிட்டர் பேஸ்ட் போதும். அதைக் கார்டால் 0.1 மி.மீ. அளவுக்குப் பரப்பினால் அழுந்தியபின் பாதியாகும். கெட்டியாகப் பூசுவது நல்லது என்ற எண்ணம் தவறு. பேஸ்ட்டின் வேலை இடுக்கை நிரப்புவது மட்டுமே.

4. எம்3 திருகு, ஸ்பிரிங் வாஷரோடு. நடுத் திருகில் தொடங்கி வெளிப்பக்கமாக, எதிரெதிர் மூலைகளாக, முதல் சுற்றில் தொடுமளவுக்கு மட்டும். இரண்டாவது சுற்றில் 0.5 முதல் 0.6 நியூட்டன் மீட்டர். மூலைகளை முதலில் முறுக்கினால் நடு எழும்பித்தான் நிற்கும்.

நடுவில் திருகுத் துளையே இல்லாத பெரிய போர்டு என்றால், செப்புப் பாதை இல்லாத இடம் பார்த்து ஒன்று போட்டுக்கொள்ளலாம். துளையிட்டபின் அலுமினியப் பொடியைத் துடைத்து, மெகரில் சோதிப்பது கட்டாயம்.

பேஸ்ட் தீர்ந்துவிட்டது என்று சிலிகான் சீலன்ட் பூசுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். அதன் கடத்துதிறன் 0.2 அளவுக்குத்தான் இருக்கும். அதிலும் வினிகர் வாடை அடிக்கும் ரகம் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். செப்பை அது அரிக்கும், எல்இடிக்கும் கெடுதல். விளக்குக்குள் அதைக் கொண்டுபோகவே கூடாது.

ஒட்டுதல் சரியாக இருந்தும் மங்குகிறது என்றால் ஹீட்சிங்கே போதவில்லை, அல்லது தூசியும் பறவை எச்சமும் அதன் இறக்கைகளை அடைத்திருக்கின்றன. தகட்டின் ஓரமும் ஹீட்சிங்கும் ஒரே சூட்டில், இரண்டுமே 80 டிகிரிக்கு மேல் இருக்கும், அதுதான் அடையாளம்.

தெர்மோகப்பிள் வைக்க இடமில்லாத போர்டில் எல்இடியையே வெப்பமானியாக்கலாம். ஆறிய நிலையில் கரன்ட் கொடுத்த நொடியில் வரிசையின் மின்னழுத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், 30 நிமிடம் கழித்து மறுபடி. வெள்ளை எல்இடி ஒன்றுக்கு டிகிரிக்குச் சில மில்லிவோல்ட் இறங்கும். சரியான எண் அந்த எல்இடியின் டேட்டா ஷீட்டில் இருக்கும். 2 மில்லிவோல்ட் என்று கொண்டால், 12 எல்இடி வரிசையில் 1.2 வோல்ட் இறங்கியிருந்தால் உள்ளே 50 டிகிரி ஏறியிருக்கிறது. பேஸ்ட் மாற்றுவதற்கு முன்னும் பின்னும் இப்படி அளந்து வைத்தால் செய்த வேலை பலித்ததா என்று சந்தேகமில்லாமல் தெரியும்.

அறிகுறி: டிரைவர் ஏறிய போர்டில் இரவு நேரத்தில் மட்டும் மங்கல், அல்லது ஐசி கருகிப்போகிறது

மெயின்ஸை நேராக வாங்கும் லீனியர் ஐசி போர்டுகளுக்கே உரிய கோளாறு இது. இரவில் லோடு குறைந்து லைன் 230-லிருந்து 255 வோல்ட்டுக்கு ஏறினால், உச்ச மின்னழுத்தம் 325-லிருந்து 360 ஆகும். எல்இடி வரிசை எடுத்துக்கொள்வது மாறாது. கூடுதலாக வரும் 35 வோல்ட்டையும் ஐசிதான் வெப்பமாக்க வேண்டும்.

எரிந்துபோன எல்இடியின் இரு முனைகளையும் சால்டரால் இணைத்து ஓடவிடும் வழக்கம் இங்கேதான் கேடு செய்கிறது. 18 வோல்ட் எல்இடி ஒன்றை ஷார்ட் செய்தால், 35 மில்லியாம்பில் 0.63 வாட் கூடுதலாக ஐசியின் மேல் விழும். சிறு உருவமுள்ள ஐசிக்கு அது பெரிய சுமை. அவசரத்துக்கு ஒன்றை ஷார்ட் செய்தே ஆக வேண்டுமென்றால் கரன்ட்டைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டரின் மதிப்பைப் பத்து முதல் பதினைந்து சதவீதம் கூட்டுங்கள். ஒளி கொஞ்சம் குறையும், ஐசி பிழைக்கும். இரண்டுக்கு மேல் ஷார்ட் வேண்டாம். தனி கான்ஸ்டன்ட் கரன்ட் டிரைவர் உள்ள விளக்கில் இந்தச் சிக்கல் அவ்வளவு இல்லை. டிரைவரின் மின்னழுத்த எல்லைக்குள் வரிசை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அறிகுறி: தட்டினால் எரிகிறது, சூடானால் அணைகிறது

சால்டர் விரிசல். அலுமினியம் ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும். செராமிக் உடல் கொண்ட 3535 (3.5 × 3.5 மி.மீ.) எல்இடி ஏறத்தாழ 7 பங்குதான். 60 டிகிரி ஏறும்போது 3.5 மி.மீ. நீளத்தில் இரண்டுக்கும் 3 மைக்ரானுக்கு மேல் வித்தியாசம் வருகிறது. சால்டர்தான் அதைத் தாங்க வேண்டும். தெருவிளக்கு ஆண்டுக்கு 365 முறை சூடாகி ஆறுகிறது. சென்சாரோடு அடிக்கடி அணைந்து எரியும் விளக்கில் இந்த எண்ணிக்கை பல மடங்கு. போர்டில் 1206 அளவு செராமிக் கபாசிட்டர் இருந்தால் அதற்கும் இதே கதிதான். அங்கே சால்டர் பிழைத்தாலும் கபாசிட்டரின் உடலே வெடிக்கலாம். ஆகவே வரிசை முழுதும் அணைந்திருந்தால் கபாசிட்டரையும் சோதியுங்கள்.

கண்டுபிடிக்க, தனித்த சப்ளையில் 2 மில்லியாம்ப் மட்டும் கொடுங்கள். எல்இடிகள் கண் கூசாமல் புள்ளியாக எரியும். ஒவ்வொன்றின் ஓரத்தையும் மூங்கில் குச்சியால் மெல்ல அழுத்துங்கள். நடுவிலுள்ள மென்மையான சிலிகானைத் தொடக் கூடாது, உள்ளே தங்கக் கம்பி அறுந்துவிடும். அழுத்தும்போது வரிசை சிமிட்டினால் அதுதான் இடம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் சால்டரின் ஓரத்தில் மங்கிய சாம்பல் நிற வளையம் தெரியும்.

ஒரு எல்இடியில் விரிசல் வந்துவிட்டால் அதே அளவு சூட்டைப் பார்த்த மற்றவையும் நெருங்கிக்கொண்டிருக்கும். ஒன்றை மட்டும் தொடாமல் பிளக்ஸ் (சால்டர் பரவ உதவும் பசை) போட்டு முழுப் போர்டையும் ஒரு முறை உருக்கி எடுப்பது நல்லது.

அறிகுறி: அயன் வைத்தால் சால்டர் உருகவே மாட்டேன் என்கிறது

இது கோளாறு அல்ல, போர்டின் குணம். வெப்பத்தை இழுத்து வெளியேற்றத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது; அயனின் வெப்பத்தையும் இழுத்துக்கொள்கிறது. இதற்காக அயனை 450 டிகிரிக்கு ஏற்றி அழுத்தித் தேய்த்தால் செப்பு பெயர்ந்து வரும். மேலிருந்து ஹாட் ஏர் மட்டும் அடித்தால் தகடு சூடாவதற்குள் எல்இடியின் சிலிகான் பழுத்துப்போகும். வெப்பம் கீழிருந்து வர வேண்டும்.

வெப்பநிலைக் கட்டுப்பாடுள்ள ஹாட் பிளேட் வேண்டும். அடுப்பில் தோசைக்கல் வைத்துச் செய்பவர்கள் உண்டு. கல்லின் நடுவுக்கும் ஓரத்துக்கும் பல பத்து டிகிரி வித்தியாசம் வரும், நிறுத்தவும் முடியாது. அதைத் தவிர்த்துவிடுங்கள்.

போர்டின் பின்புறத்துப் பேஸ்ட்டை முழுக்கத் துடைத்துவிட்டுத்தான் பிளேட்டில் வைக்க வேண்டும். பாக்கெட் பிரிந்து நாளான எல்இடிகள் காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். நேராக உருக்கு சூட்டுக்குக் கொண்டுபோனால் ஈரம் ஆவியாகி உடலைப் பிளக்கும். 60 டிகிரியில் 24 மணி நேரம் உலர வைத்தால் போதும்.

எந்த சால்டர் என்பதைப் பொறுத்து பிளேட்டின் சூடு: 63/37 ஈயச் சால்டர் 183-இல் உருகும், பிளேட் 210 முதல் 220. ஈயமில்லாதது 217-க்கு மேல் உருகும், பிளேட் 240 முதல் 250. பிஸ்மத் கலந்தது 138-இல் உருகும், பிளேட் 165 முதல் 175. முதலில் 120 டிகிரியில் இரண்டு நிமிடம் வைத்துவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். பேட்களில் பழைய சால்டரை விக் (சால்டரை உறிஞ்சும் செப்புப் பின்னல்) வைத்து எடுத்து, சால்டர் பேஸ்ட்டை மெல்லியதாக வைத்து, எல்இடியின் திசை பார்த்து உட்கார வையுங்கள். சால்டர் பளபளவென்று ஓடியதும் எல்இடி தானாக நேராகிக்கொள்ளும். ஓரத்தில் ட்வீசரால் ஒரு தட்டு தட்டினால் மறுபடி தன் இடத்துக்கே வர வேண்டும். வந்துவிட்டால் அடியில் முழுதும் நனைந்திருக்கிறது. உருகிய நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். இறக்கும்போது கவனம்: போர்டிலுள்ள எல்லா எல்இடியும் உருகிய சால்டரில் மிதந்துகொண்டிருக்கும். பிளேட்டை அணைத்து, அசைக்காமல் இருக்கும் இடத்திலேயே பிடிப்பு வரும் வரை விட்டு, பிறகு அலுமினியக் கட்டைக்கு நகர்த்துங்கள். தண்ணீரோ ஈரத் துணியோ வேண்டாம்.

பிஸ்மத் சால்டர் எல்இடிக்கு மென்மையானது என்பதால் பலரும் விரும்புகிறார்கள். ஆனால் பழைய ஈயச் சால்டர் பேடில் மிச்சமிருக்க, அதன் மேல் பிஸ்மத் பேஸ்ட் வைத்தால் ஈயம், வெள்ளீயம், பிஸ்மத் மூன்றும் கலந்து 96 டிகிரியிலேயே உருகும் ஒரு கலவை உள்ளே உண்டாகும். ஃபிளட் லைட்டில் எல்இடியின் அடி அந்தச் சூட்டை எளிதில் தொடும். எல்இடி தானாக நழுவும். அதிர்வுள்ள வண்டி விளக்குகளுக்கும் பிஸ்மத் சால்டர் ஏற்றதல்ல, அது நொறுங்கும் தன்மையுள்ளது.

அறிகுறி: உடலைத் தொட்டால் ஷாக், ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது

டிரைவரின் கம்பிகளைப் போர்டிலிருந்து கழற்றுங்கள். போர்டின் பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒரு கம்பியால் சேர்த்துக் கட்டுங்கள். கட்டாமல் மெகர் போட்டால் எல்இடிகளுக்கு எதிர்மின்னழுத்தம் போய் அவை சாகும். ஒரு முனை இந்தக் கட்டில், இன்னொன்று சுரண்டிய அலுமினியத்தில். சுரண்டாமல் விட்டால் மேற்பூச்சு தவறாக நல்ல அளவைக் காட்டும்.

500 வோல்ட்டில் நல்ல போர்டு நூற்றுக்கணக்கான மெகாஓம் காட்டும். 2 மெகாஓமுக்குக் கீழே இறங்கியிருந்தால் அந்த நிலையில் விளக்கை மாட்டவே கூடாது. 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் ஈரமோ பிளக்ஸ் மிச்சமோ காரணம். ஆல்கஹாலில் கழுவி, கேஸ்கெட்டை மாற்றுங்கள். ஏறவில்லை என்றால் படலம் ஓட்டையாகிவிட்டது.

படலம் நன்றாக இருந்தும் லீக் வருகிறதா? திருகுத் தலைகளைப் பாருங்கள். திருகுத் தலைக்கும் பக்கத்துச் செப்புக்கும் நடுவில் மெயின்ஸ் போர்டில் அடிப்படைக் காப்புக்கு 2.5 மி.மீ., இரட்டைக் காப்புக்கு 5 மி.மீ. மேற்பரப்பு தூரம் வேண்டும். யாரோ தலை பெரிய திருகு மாற்றியிருப்பார்கள், அல்லது எஃகு வாஷர் நகர்ந்து சால்டர் மாஸ்க்கின் (செப்பின் மேலுள்ள வண்ணப் பூச்சு) மேல் ஏறியிருக்கும். மாஸ்க்கை இன்சுலேஷனாக நம்பக் கூடாது. அடுத்தது போர்டின் வெட்டு விளிம்பு: பஞ்ச் அடித்து வெட்டிய போர்டில் அலுமினியப் பிசிறு மேலே மடிந்து செப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். மெல்லிய அரத்தால் கீழ்நோக்கி மட்டும் அராவுங்கள்.

எர்த் கம்பியை வெட்டிவிட்டால் ஆர்சிசிபி விழாது என்று செய்பவர்கள் உயிரோடு விளையாடுகிறார்கள். அதைக் கண்டால் முதலில் எர்த்தைச் சரிசெய்யுங்கள், பிறகு மற்றது.

அறிகுறி: சுவிட்சை அணைத்தபின்னும் மெல்லிய ஒளி

பயப்பட வேண்டாம், போர்டு நன்றாகவே இருக்கிறது. செப்பு ஒரு தகடு, அலுமினியம் ஒரு தகடு, நடுவில் மெல்லிய படலம்: மொத்தப் போர்டும் ஒரு கபாசிட்டர். நூறு சதுர செ.மீ. செப்பு, 100 மைக்ரான் படலம், மின்காப்பு மாறிலி 5 என்றால் 4.4 நானோஃபாரட் வரும். சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருந்தால் போர்டு எப்போதும் ஃபேஸில் தொங்கும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அந்தக் கபாசிட்டர் வழியே எர்த்துக்கு 0.3 மில்லியாம்ப் ஓடும். இன்றைய எல்இடிக்கு இருட்டில் தெரியுமளவு எரிய அது தாராளம்.

டெஸ்டர் வைத்துப் பார்த்து சுவிட்சை ஃபேஸுக்கு மாற்றுங்கள், நின்றுவிடும். ஃபேஸில் இருந்தும் ஒளிர்ந்தால் சுவிட்சிலுள்ள இண்டிகேட்டர் விளக்கின் கரன்ட் காரணம். விளக்குக்கு இணையாக 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் எக்ஸ்2 ரக (மெயின்ஸுக்கு இணையாகப் போடவென்றே செய்த) கபாசிட்டர் போதும். சாதாரணக் கபாசிட்டர் போடாதீர்கள், அது தீப்பிடிக்கும்.

அறிகுறி: இடி மழைக்குப் பின் வரிசையாகப் பல விளக்குகள் போயின

சர்ஜ் (நொடிப்பொழுதில் பாயும் உயர் மின்னழுத்தம்) படலத்தைத் துளைத்திருக்கும். செப்புப் பரப்பின் ஓரங்களிலும் கூரிய மூலைகளிலும் தேடுங்கள், மின்புலம் அங்கேதான் குவியும். ஊசி முனை அளவில் கருப்புப் புள்ளி ஒன்று கிடைக்கும். சுரண்டி எபாக்ஸி ஊற்றிச் சரிசெய்ய நினைக்க வேண்டாம். உள்ளே கரி படிந்த பாதை இருக்கும், அடுத்த முறை சின்னச் சர்ஜுக்கே மறுபடி பற்றும். அந்தப் போர்டு கழிவுதான்.

மாற்றும்போது டிரைவருக்கு முன்னால் 10 கிலோவோல்ட் ரக சர்ஜ் பாதுகாப்பு ஒன்று போடுங்கள், கம்பத்தின் எர்த் தொடர்ச்சியை அளந்து பாருங்கள். எர்த் இல்லாமல் சர்ஜ் பாதுகாப்பு பாதி வேலைதான் செய்யும்.

அறிகுறி: கொப்புளம், நிறம் மாறிய எல்இடி

போர்டின் மேற்பரப்பில் கொப்புளம் தெரிந்தால் படலம் அலுமினியத்தை விட்டுப் பிரிந்திருக்கிறது. அதிகச் சூட்டில் சால்டர் செய்ததோ ஈரத்தோடு ஹாட் பிளேட்டில் வைத்ததோ காரணம். அதற்கு மருந்தில்லை, கொப்புளத்தின் மேலிருக்கும் எல்இடியின் கீழே காற்றுதான் இருக்கிறது.

எல்இடியின் மஞ்சள் பரப்பைப் பார்த்து நிறையச் சொல்லலாம். நடுவில் பழுப்பாக, விரிசலோடு இருந்தால் அதிகச் சூடு அல்லது அதிகக் கரன்ட். ஓரத்து உலோகம் மட்டும் கருத்திருந்தால் கந்தகம்: வல்கனைஸ் செய்த ரப்பர் கேஸ்கெட், சாக்கடை வாயு, ரசாயன ஆலைக் காற்று எதுவும் காரணமாகலாம், வெள்ளிப் பூச்சு கருத்தால் திரும்பாது. கேஸ்கெட்டைச் சிலிகான் ரப்பருக்கு மாற்றுங்கள். காற்றுப் புகாத விளக்கில் நடுவிலிருக்கும் சிப்பின் மேல் மட்டும் கருமை படிந்து, ஒளி திடீரென்று குறைந்தால் பசையிலிருந்தும் சீலன்ட்டிலிருந்தும் வரும் ஆவிகள்தான் காரணம். கண்ணாடியைக் கழற்றிக் காற்றாட சில மணி நேரம் எரியவிடுங்கள். பல சமயம் நிறம் திரும்பிவிடும். போர்டை வீசுவதற்கு முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

அறிகுறி: மின் ஸ்கூட்டர் கன்ட்ரோலரில் மாஸ்ஃபெட் மறுபடி மறுபடி போகிறது

மாஸ்ஃபெட் (மோட்டாரின் கரன்ட்டை ஆன், ஆஃப் செய்யும் பாகம்) ஒன்று 10 வாட்டை வெப்பமாக இழந்தால், 80 சதுர மி.மீ. அடிப்பரப்பின் கீழே கடத்துதிறன் 2 உள்ள படலத்தில் 6 டிகிரியும், 1 உள்ள படலத்தில் 12 டிகிரியும் ஏறும். படலத்தின் தரம் இங்கே விளக்கைவிட அதிகம் பேசும். மோட்டாரின் ஒரே ஃபேஸின் மாஸ்ஃபெட் மட்டும் போனால் அந்தப் பக்கத்துத் திருகையும் பேஸ்ட் பதிவையும் முதலில் பாருங்கள்.

திருகும் பேஸ்ட்டும் சரியாக இருந்தும் மாஸ்ஃபெட் போனால், அலுமினியத் தகடு மின்சாரமாக எங்கும் இணைக்கப்படாமல் மிதக்கிறதா என்று சோதியுங்கள். ஸ்விட்ச் ஆகும் செப்பு 10 சதுர செ.மீ. இருந்தால் தகட்டோடு சுமார் 440 பிகோஃபாரட் உண்டாகும். 48 வோல்ட் 50 நானோநொடியில் ஏறினால் ஒவ்வொரு ஸ்விட்சிங்கிலும் 0.4 ஆம்ப் துடிப்பு தகட்டுக்குள் போய், கேட் பாதைகளின் (மாஸ்ஃபெட்டை ஆன் செய்யச் சொல்லும் சிக்னல் போகும் பாதைகள்) வழியே திரும்பும். மாஸ்ஃபெட் தவறான நேரத்தில் ஆன் ஆக அது காரணமாகலாம். தகட்டிலிருந்து பேட்டரி மைனஸுக்கு 10 நானோஃபாரட் கபாசிட்டர் ஒன்றைக் குட்டையான கம்பியில் போட்டால் துடிப்புக்கு நேர்வழி கிடைக்கும்.

மாற்றுப் போர்டு வாங்கும்போது

"அலுமினியம் போர்டு" என்று மட்டும் கேட்டால் 0.8 மி.மீ. தகட்டில் எதையோ தருவார்கள். முதலில் காந்தம் வையுங்கள். ஒட்டினால் அது இரும்புத் தகடு. பிறகு வெர்னியரில் தடிமன். ஆர்டர் கொடுக்கும்போது எழுத வேண்டியவை: 5052 அலுமினியம் 1.6 மி.மீ.; செப்பு 35 மைக்ரான், ஒரு பாதையில் 3 ஆம்புக்கு மேல் ஓடினால் 70; படலம் 100 மைக்ரான், கடத்துதிறன் 2 அல்லது அதற்கு மேல், மெயின்ஸ் போர்டானால் 3 கிலோவோல்ட் ஏசி தாங்குதிறன்; வளைவு 0.5 சதவீதத்துக்குள், செப்பிலிருந்து விளிம்புக்கும் துளைக்கும் உள்ள தூரம். எல்இடியின் பேட் அளவை டேட்டா ஷீட்டிலிருந்து எடுங்கள். 2835, 3030 இரண்டிலும் வெப்பப் பேட் எந்த முனையோடு சேர்ந்திருக்கிறது என்பது ரகத்துக்கு ரகம் மாறும், பழைய போர்டைப் பார்த்து ஊகிக்க முடியாது.

வந்த போர்டில் ஒன்றை எடுத்து எல்இடி ஏற்றாமலே மெகர் போடுங்கள், ஸ்கேல் வைத்து வளைவு பாருங்கள். எல்இடி ஏற்றி மாட்டியபின், கண்ணாடி மூடி இரண்டு மணி நேரம் ஓட்டி, தகட்டின் ஓரச் சூட்டையும் அறையின் சூட்டையும் போர்டின் பின்புறத்திலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள். அடுத்த முறை அதைத் திறப்பவர் எங்கே தொடங்க வேண்டும் என்பதை அந்த இரண்டு எண்களே சொல்லும்.